பேஸ்புக் கடைகளுக்கு முதலில் எந்த விதியைக் கேட்பது?

வெள்ளவத்தை வாசகர்:
எங்கள் நுகர்வோர் சங்கம், பேஸ்புக், டிக்டொக் வழி விற்பனைக்கு ஒழுங்குவிதி கேட்டு மனு எழுதுகிறது. காசு வாங்கிவிட்டுப் பக்கத்தையே மூடுவது, படத்தில் ஒன்றும் பொதியில் வேறொன்றுமாக அனுப்புவது, இவைதான் பெரிய தலையிடி. புதுச் சட்டமே வேண்டுமா?

சட்டத்தரணி, புதுக்கடை:
பொய் விளம்பரத்துக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், 30, 31 ஆம் பிரிவுகளில் அதை ஏற்கெனவே தடுக்கிறது. விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். ஆனால் விசாரணைக்கு அழைக்க வியாபாரியின் பெயரும் முகவரியும் தேவை. பக்கத்தில் இருப்பதோ ஒரு வாட்ஸ்அப் இலக்கம். அங்கேதான் எல்லாம் முடங்குகிறது. 2024 நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் கவனமோ பெரும்பாலும் இணையப் பதிவுகளில் சொல்லப்படுவதன் மீதே, விற்பவர் யார் என்பதில் அல்ல. விற்பவரின் அடையாளத்தைத் தளம் சரிபார்க்க வேண்டும் என்பதை முதல் கோரிக்கையாக வையுங்கள்.

கொட்டாஞ்சேனை வாசகர்:
ஐரோப்பிய டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 30 ஆம் உறுப்புரை இதைச் சொல்கிறது: பெயர், முகவரி, அடையாள ஆவணம், வங்கிக் கணக்கு, பதிவு இலக்கம் எல்லாம் பெற்ற பிறகே விற்க விடலாம். அப்படியே பிரதி எடுக்க வேண்டாம். கொள்வனவு ஒப்பந்தம் தளத்திலேயே முடியும் இடங்களுக்குத்தான் அது பொருந்தும்; இங்கே பேரம் இன்பொக்ஸில் தொடங்கி வங்கி மாற்றத்தில் முடிகிறது. ஆகவே கடமையை விளம்பரக் கட்டணத்தோடு கட்டுங்கள். ஒரு பதிவைப் பூஸ்ட் செய்ய, அதாவது பலருக்குக் காட்ட, காசு வாங்கும் தளம், முதலில் பிரதேச செயலக வியாபாரப் பதிவையோ அடையாள அட்டையையோ பார்க்கட்டும். வீட்டிலிருந்து பலகாரம் விற்கும் பெண்ணின் முகவரியை ஊருக்கெல்லாம் காட்டத் தேவையில்லை. தளம் வைத்திருந்து, அதிகாரசபை கேட்டால் கொடுத்தால் போதும்.

மருதானை வாசகர்:
இன்னொன்றையும் சேருங்கள்: விளம்பரப் பதிவேடு. பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் விளம்பர நூலகத்தில் இங்கத்தைய சாதாரண வியாபார விளம்பரம் ஓடும்வரைதான் தெரியும். நிறுத்தியதும் சான்று போய்விடும். ஐரோப்பாவில் ஓர் ஆண்டுக்கு இருக்கும். அதே ஓர் ஆண்டை இங்கேயும் கேளுங்கள்.

விதி வரும்வரை உறுப்பினர்களுக்குச் சொல்லுங்கள்: பக்கத்தின் பெயர் மாறும், அதனால் இணைப்பு முகவரியையே பிரதி எடுக்கவும். 'பக்க வெளிப்படைத்தன்மை' பகுதியில் பழைய பெயர்களும் தொடங்கிய திகதியும் இருக்கும். அதையும் திரைப்பிடிப்பு எடுக்கவும். பணம் போன கணக்கு இலக்கம், கூரியர் பொதியின் சிட்டை இரண்டையும் எறிய வேண்டாம். கையில் பொருள் வந்ததும் காசு கொடுக்கும் முறையிலும் பொதியைத் திறக்குமுன் பணம் கேட்கிறார்கள், ஆகவே அது மட்டும் பாதுகாப்பாகாது. அந்தப் பணத்தைக் கூரியர் நிறுவனம் 48 மணித்தியாலம் தன்னிடம் வைத்திருந்து, முறைப்பாடு இல்லையென்றால் மட்டும் வியாபாரிக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வாசகம் போடலாம்.