ட்ராப் கேமரா வீடியோவில் சிறுத்தையும் யானையும்: பயம் காட்சியில் வரமாட்டேன் என்கிறதே?

தேயிலை_ஓரம்:
வால்பாறை தாண்டி மளுக்கப்பாறை எல்லைப் பக்கம், எஸ்டேட் நிலத்தில் ட்ராப் கேமரா (விலங்கு கடந்தால் தானாகவே படம் பிடிப்பது) வைத்து இரண்டு திரை வீடியோ ஆர்ட் செய்கிறேன். லயன் வீட்டுக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பின்னால் இருட்டில் ஏதோ நிற்கிறது என்கிற நடுக்கம் பார்க்கிறவருக்கு வர வேண்டும். ஆனால் சிறுத்தையின் வால் மட்டுமே சிக்குகிறது. கிட்டே வந்தால் உடம்பு வெளுத்து, கண் இரண்டும் பல்பு மாதிரி எரிகிறது. யானை உறுமல் பதிவிலேயே இல்லை. கேமராவில் இருப்பது 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு.

சில்வர்_ஓக்:
கேமரா தடத்துக்குக் குறுக்கே பார்க்கிறது, அதனால்தான் வால். உடல் சூட்டின் அசைவை சென்சார் உணர்ந்து வீடியோ ஓட ஒன்றிரண்டு விநாடி ஆகும். தடத்தோடு 30–45 டிகிரி சாய்த்து வையுங்கள். நேர் எதிரே வேண்டாம், நேராக வரும் உருவத்தை சென்சார் தாமதமாகவே பிடிக்கும். சிறுத்தைக்குத் தரையிலிருந்து 40–50 செ.மீ. உயரம், தடத்திலிருந்து 3–4 மீட்டர் தள்ளி. இதைவிடக் கிட்டே வந்தால் வெளுக்கத்தான் செய்யும். முன்னால் நீட்டும் தேயிலைக் கிளையை ஒடித்துவிடுங்கள், வெயிலில் சூடாகிக் காற்றில் ஆடினால் கார்டு முழுக்க வெற்று வீடியோதான். பேட்டரி லித்தியம் போடுங்கள். ஆல்கலைன் இரவு வீடியோவில் தொய்ந்து, பாதியில் அறுந்துவிடும். யானைத் தடம் என்றால் 2 மீட்டருக்கு மேலே கட்டிக் கீழ்நோக்கிச் சாய்த்து, இரும்புப் பெட்டிக்குள் வைக்கணும்.

மூடுபனி:
கண் எரிவது உங்களுக்குக் கிடைத்த நல்ல பிடி, விட்டுவிடாதீர்கள். விழித்திரைக்குப் பின்னால் உள்ள படலம் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. விளக்கு லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் எரிகிறது. கேமரா விளக்கைக் கறுப்பு டேப்பால் மூடி (சென்சார் மேல் படக் கூடாது), தனி அகச்சிவப்பு விளக்கு ஒன்றை 2–3 மீட்டர் பக்கவாட்டில் தள்ளி வைத்துப் பாருங்கள். கண் கறுத்துவிடும், தோள்பட்டை அசைவது துலங்கும். அது நம்மைப் பார்க்கிறதா இல்லையா என்று தெரியாமல் போகும் பாருங்கள், நடுக்கம் அங்கேதான் ஏறுகிறது. ஒரு திரையில் எரியும் கண், மறு திரையில் கறுத்த கண் என்றே வைக்கலாம். மூடுபனியில் படம் வெள்ளையடிப்பதும் இதில் குறையும்.

பாய்ச்சலைத் தேட வேண்டாம். மிர்சியா கான்டோர் என்ற கலைஞர் 2005இல் செய்த வீடியோவில் வெள்ளை அறை, ஓநாய், மான், அவ்வளவுதான். மூன்று நிமிடம்கூட இல்லை, தாக்குதலும் இல்லை, ஆனாலும் மூச்சு அடைக்கும். உங்கள் கேமராவில் வீடியோ நீளத்தை 60 விநாடிக்கு மாற்றி, விலங்கு போன பின்னும் செடி ஆடுகிற காட்சியை எடிட்டில் வெட்டாமல் விடுங்கள்.

அடிநாதம்:
யானையின் ஆழ்ந்த உறுமலின் அடிச்சுருதி 14–35 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும். ட்ராப் கேமரா மைக் அவ்வளவு கீழே இறங்காது. தனி ரெக்கார்டர் வைத்து ‘லோ-கட்’ (தாழ்ந்த ஒலியை வடிகட்டும் வசதி) அணையுங்கள், மைக்குக்கு ரோம உறை கட்டாயம், காற்றிரைச்சலும் அதே அலைவரிசையில்தான் வந்து விழும். காட்சிக் கூடத்தில் சாதாரண சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே தடுமாறும். ஒட்டுப்பலகை மேடை போட்டு, அடியில் பாஸ் ஷேக்கரை (தாழ்ந்த ஒலியை அதிர்வாக மாற்றும் கருவி) திருகி, மேடையை ரப்பர் கட்டைகள் மேல் நிறுத்துங்கள். சத்தம் உள்ளங்காலில் ஏறும்.

தேயிலை_ஓரம்:
நன்றிங்க. சிறுத்தைக் குரலை ஸ்பீக்கரில் போட்டு வரவழைக்கலாமா?

சில்வர்_ஓக்:
வேண்டவே வேண்டாம். இரையும் கட்டாதீர்கள். லயன் பக்கம் வர அது பழகினால் ஆபத்து அங்கே விளையாடும் பிள்ளைகளுக்கு. எஸ்டேட் அனுமதி ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் செல்லாது, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 28ஆம் பிரிவில் வனத்துறை அனுமதி வேண்டும். எல்லை தாண்டினால் கேரள வனத்துறையிடம் தனியாக வாங்கணும். ஆட்கள் பதிவானால் அந்தக் கிளிப்பை அழித்துவிடுங்கள்.