ஸ்டெயின்லெஸ் ரிவால்வர்ல கீறல், வீட்லயே எடுக்கலாமா?

தோட்டாக்காரன்:
ஹோல்ஸ்டர்ல (துப்பாக்கி உறை) போட்டு எடுத்து பேரல் சைடு பூரா மெல்லிசா கீறல் விழுந்திருக்கு, அதுல ஒண்ணு நகம் வச்சு இழுத்தா தட்டுது. கண்ணாடி மாதிரி பளபளப்பு கிடையாது, கோடு கோடா இருக்கிற பிரஷ்டு பினிஷ். மெட்டல் பாலிஷ் போட்டா போயிடுமா, இல்ல டிரில்ல பஃபிங் வீல் மாட்டி ஓட்டணுமா? லைசென்ஸ் துப்பாக்கி, கெடுத்துக்க மனசில்ல.

பழைய_பட்டறை:
மெட்டல் பாலிஷ் போடாதீங்க ப்ரோ, தேய்ச்ச இடம் மட்டும் பளபளன்னு திட்டா தெரியும், கீறலை விட அதுதான் அசிங்கம். மொதல்ல குண்டை எல்லாம் எடுத்துட்டு சிலிண்டர் (குண்டு போடுற, சுத்துற உருளை) ஓட்டை ஒவ்வொண்ணையும் கண்ணால பாத்துட்டு, குண்டு டப்பாவை வேற ரூம்ல வச்சுட்டு வந்து உக்காருங்க. டார்ச்சை சாய்ச்சு அடிச்சா கோடு எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெளிவா தெரியும், அந்தத் திசையில மட்டும்தான் தேய்க்கணும், வட்டமா தேய்ச்சா அவ்வளவுதான். மெல்லிசு கீறலுக்கு சாம்பல் கலர் ஸ்காட்ச் பிரைட் பேட்ல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு நீளமா, ஒரே அழுத்தத்துல இழுங்க, பாதிக்கு மேல மறைஞ்சிடும். நகம் தட்டுறதுக்கு 400 நம்பர் வாட்டர் பேப்பரை ஒரு கெட்டி ரப்பர் துண்டுல சுத்தி, அப்புறம் 600, கடைசில அதே பேட். கீறல் மேலயே குடையாதீங்க, பள்ளம் விழும், அந்தப் பக்கம் முழுசையும் சேத்து இழுங்க.

நீல_இரும்பு:
அண்ணன் சொன்னது சரி. பஃபிங் வீல் பக்கமே போகாதீங்க, முனையெல்லாம் மழுங்கி ஸ்க்ரூ ஓட்டை வாய் அகண்டு எழுத்தெல்லாம் கரைஞ்சிடும். சீரியல் நம்பர் மேல டேப் ஒட்டிட்டுதான் வேலையே ஆரம்பிக்கணும், அதை அழிக்கிறது பல நாட்டுல குற்றம். பேரல் வாய் விளிம்பு, சிலிண்டர் உள்பக்கம், டிரிகர், ஹேமர் (டிரிகர் இழுத்தா வந்து அடிக்கிற சுத்தி) பல்லு இதுலெல்லாம் பேப்பர் படவே கூடாது, டிரிகர் பிடிப்பு மாறிப்போனா தானா வெடிக்கிற அளவுக்குப் போகும். சிலிண்டரைச் சுத்தி ஒரு கோடு இருந்தா அது சிலிண்டர் சுத்துறதால வர்றது, விட்ருங்க.

உலோகப்_பித்தன்:
சாதா ஸ்டீல் வுல் (இரும்பு நார்) வேண்டவே வேண்டாம், அதோட துகள் உள்ள ஒட்டிக்கிட்டு பின்னால துரு புள்ளியா வெளிய வரும். நிறைய துப்பாக்கி 416 ரக ஸ்டீல்ல செய்றாங்க, அதுல குரோமியம் 12-14% தான், சமையல் பாத்திரத்து 304-ல 18% கிட்ட இருக்கும். அதனால ஸ்டெயின்லெஸ்னாலும் வியர்வை பட்டு அப்படியே விட்டா துரு பிடிக்கும், தேய்ச்சு முடிச்சதும் சுத்தமா துடைச்சு எண்ணெய் பூசிடுங்க. இன்னொண்ணு, ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 60, 1965-ல வந்த மொத ஸ்டெயின்லெஸ் ரிவால்வர், அது முழுக்க ஸ்டீல். ஆனா சில மாடல்ல சிலிண்டர் மட்டும் ஸ்டீல், பிரேம் (துப்பாக்கியோட உடல்) அலுமினியம், மேல கோட்டிங் அடிச்சு பாக்க ஒரே மாதிரி இருக்கும். காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டலைன்னா தேய்க்காதீங்க, கோட்டிங் போனா திரும்ப வராது.

தோட்டாக்காரன்:
காந்தம் பேரல்லயும் பிரேம்லயும் நல்லா ஒட்டுது, ரொம்ப நன்றி. நண்பரோட பிஸ்டல் ஒண்ணு கோடே இல்லாம மங்கலா இருக்கு, அதுக்கும் இதே முறையா?

பழைய_பட்டறை:
இல்ல ப்ரோ, அது பீட் பிளாஸ்ட் பினிஷ், பொடி மணியை காத்தழுத்தத்துல அடிச்சு வர வைக்கிறது. பேட் பட்டா கோடு விழுந்துடும், கையால சரி பண்ண முடியாது. துப்பாக்கி மெக்கானிக்கிட்ட குடுத்து திரும்ப பிளாஸ்ட் பண்ணச் சொல்லுங்க.