மேடை விளக்கு அமைப்பை எப்படிக் கற்பது?

வியாசர்பாடியில் தெருமுனை மேடை ஒன்றில் நாடகம் போட்டோம். விளக்கையெல்லாம் நேர் எதிரே வைத்துவிட்டேன், முகங்கள் தட்டையாகத் தெரிந்தன, மனசே ஆறவில்லை. எங்கிருந்து தொடங்கட்டும்?

— தம்பி, நேர் வெளிச்சம் முகத்து நிழலை அழித்துவிடும். மேடை விளக்குக் கலை கற்பித்த அமெரிக்கர் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1932-ல் எழுதிவைத்த முறை இன்றும் கைகொடுக்கும்: இரண்டு பக்கமும் 45 டிகிரியில், மேலேயிருந்து, ஒன்றுக்கு மஞ்சள் சாயலில் ஜெலட்டின் பேப்பர் (விளக்கு முன்னால் மாட்டும் வண்ணக் கண்ணாடித்தாள்), மற்றதுக்கு நீலச் சாயல். அப்புறம் பின்னாலிருந்து ஒன்று போடு, ஆள் திரையிலிருந்து பிரிந்து நிற்பார்.

— ராயபுரம் பக்கம் மேடை வேலை செய்கிறேன். 1000 வாட் விளக்கு ஒன்று நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 15 ஆம்பியர் பிளக்கில் மூன்றுக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

— சரி அண்ணா, ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் இரண்டே விளக்கை வைத்துப் பார்க்கிறேன்.