ரீ: ரீ: ஊர் வாசல்ல ஆர்ச் கட்டுற விசயம்

அண்ணன்மார் தம்பிமார் எல்லாருக்கும் வணக்கம் (அக்காமார் ஒருத்தர் கூட இந்தக் குழுவுல இல்ல, அதுக்கும் வாறேன்).

நம்ம ஊர் வாசல்ல கட்டப்போற ஆர்ச்சுக்கு (அலங்கார வளைவு) வந்த கொட்டேஷன் பாத்தேன். படம் நல்லாத்தான் இருக்கு, ரெண்டு தூண்லயும் சிமெண்ட்ல மீன் செஞ்சு வைப்பாங்களாம். ஆனா அந்த ஆர்ச் வரப்போற எடத்துல தான இப்ப நெஜ மீன வச்சுக்கிட்டு நம்ம அம்மாமாரும் மைனிமாரும் (அண்ணிமாரும்) ரோட்டோரம் சாக்கு விரிச்சு வெயில்ல இருக்காவ, அவங்கள எங்க தள்ளப் போறோம்னு கொட்டேஷன்ல ஒரு வரி இல்ல.

நான் ஆப்பிரிக்காவுல லைபீரியா நாட்டுத் தலைநகர் மன்ரோவியாவுக்கு வேலைக்கு வந்து ஆறு வருசம் ஆவுது. லைபீரியான்னா நம்ம ஆளுங்களுக்கு கப்பல்ல பறக்கிற கொடி மட்டும் தான் தெரியும். இங்க 1989 கடைசியில தொடங்கின உள்நாட்டுச் சண்டை, நடுவுல ரெண்டு வருசம் மூச்சு விட்டுட்டு 2003 வரைக்கும் போச்சு. அத நிறுத்த வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு பெண்கள் வந்து ஒக்காந்த எடம் எதுன்னு நினைக்கிய? மீன் மார்க்கெட் பக்கத்து மைதானம்! அப்ப பிரசிடெண்டா இருந்த சார்லஸ் டெய்லர் கார் போற ரோட்டுல தான் அது இருந்தது. கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒண்ணா, மழையிலயும் வெயிலிலயும், தினமும். அப்புறம் கானாவுல சமாதானப் பேச்சு இழுத்துக்கிட்டே போனப்ப, ஹால் வாசல்ல கை கோத்து ஒக்காந்து ஒருத்தரையும் வெளிய விடல. பிடிக்க வந்தவங்க கிட்ட அந்தப் பெண்களோட தலைவி லேமா போவி, நான் துணிய அவுத்துருவேன்னு சொல்லவும் அவனுங்க அரண்டு போனானுங்க, ஒரு அம்மா அப்படிச் செஞ்சா பெரிய சாபம்னு இங்க நம்பிக்கை. ஆகஸ்ட்ல ஒப்பந்தம் ஆச்சு. லேமா போவிக்கு 2011ல நோபல் சமாதானப் பரிசு குடுத்தது எல்லாருக்கும் தெரியும். இத்தன பண்ணியும் இங்க பார்லிமெண்ட்ல பெண்கள் இன்னைக்கும் கொஞ்சம் பேரு தான், அது வேற கத.

நான் தங்கியிருக்க வீட்டுப் பக்கத்துல கருவாடு விக்கிற அம்மா ஒருத்தங்க இருக்காங்க. சண்டையில வீட்டுக்காரரு போயிட்டாரு. பத்துப் பேரு சேந்து தினமும் காசு போட்டு, மொறை வச்சு ஆளுக்கொரு தடவ மொத்தத்தையும் எடுக்காங்க, சூசுன்னு பேரு. நம்ம ஊர் சிட்டி (சீட்டு) தான் அச்சு அசலா. பேங்க் இவங்கள வாசல்ல கூட நிக்க விடாது, சூசுவுல எடுத்த காசுல தான் மகன் படிச்சான்.

இத ஏன் எழுதுகேன்னா எனக்கு 1982ல நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இந்துக்களுக்கும் கடற்கரை கிறிஸ்தவங்களுக்கும் நடந்த கலவரம் ஞாபகம் வந்துட்டு. மார்ச் 1, மண்டைக்காட்டு அம்மன் கோயில் மாசிக் கொடை, போலீஸ் சுட்டதுல ஆறு பேரு செத்தாவ. அப்புறம் வீடு எரிஞ்சது, வள்ளம் எரிஞ்சது. எனக்கு அப்ப ஒம்பது வயசு, எங்க அம்மா மீன் கடவத்த (கூடைய) அடுக்களையில கமத்திப் போட்டுட்டு இருந்தா. மேட்டுக்கு (கடற்கரைக்கு உள்ள தள்ளி இருக்க ஊர்களுக்கு) மீன் கொண்டு போவ முடியாது, போனாலும் வாங்க ஆளில்ல. சமாதானம் பேச குன்றக்குடி அடிகளார் வந்தாரு, கலவரத்த விசாரிக்க வேணுகோபால் கமிஷன் வந்தது, நம்ம ஊர்லயும் கூட்டம் போட்டாவ, ஒக்காந்திருந்தது எல்லாம் ஆம்பளைய தான்.

அம்மா ஒரு நாளு யாருட்டயும் சொல்லாம சாளை மீன எடுத்துட்டு மேட்டுக்குப் போனா. திங்கள்சந்தை ரோட்டுல வழக்கமா வாங்குற வீட்டு வாசலுக்குப் போவல, ரோட்டுலயே நின்னா, சத்தம் கூட போடல. கொஞ்ச நேரம் கழிச்சு அந்த வீட்டுப் பாட்டி கதவத் தொறந்து "ஏ பிள்ள, அங்க என்ன நிக்க, கறிக்கு ஒண்ணும் இல்ல, கொண்டா"ன்னு கேட்டாளாம். காசில்ல, மரச்சீனிக் கெழங்கு குடுத்தா. மறுநாள் அம்மாகூட மூணு பேரு போனாவ. எந்தக் கமிட்டியும் இத எழுதி வைக்கல.

இப்ப என்ன நடக்குது? லோக்கல் பாடியில பாதி சீட்டு பெண்களுக்குன்னு 2016லயே சட்டம் வந்தாச்சு, ஆனா நம்ம வார்டு மெம்பர் யாருன்னு கேட்டா அவங்க வீட்டுக்காரரு பேரத்தான் சொல்லுவானுவ. 2021ல பெண்களுக்கு டவுன் பஸ் ஃப்ரீ ஆச்சு, நல்ல விசயம், அதே வருசம் டிசம்பர்ல குளச்சல்ல மீன் வித்துட்டு வந்த வயசான அம்மாவ நாத்தம்னு சொல்லி பஸ்ஸ விட்டு எறக்குனதும் நடந்தது, முதலமைச்சரே கண்டிச்சாரு. எங்க மைனி காலையில வட்டிக்காரன்ட்ட 4500 வாங்கி சாயந்திரம் 5000மா குடுக்கா. ஒரு நாளைக்கு 500, அவளுக்கு லாபமே சில நாளு அவ்வளவு வராது. மூத்திரம் போவணும்னா வீட்டுக்குத்தான் வரணும்னு காலையில இருந்து தண்ணி குடிக்க மாட்டா.

அதனால நான் சொல்லுகது, ஆர்ச் இந்த வருசம் வேண்டாம். அந்தக் காசுல ஒரு கூரை, தண்ணி பைப்பு, பூட்டு போட்ட கக்கூஸ், நாலஞ்சு பெரிய ஐஸ் பெட்டி. மிச்சத்த அவங்க சங்கத்துக்கு சுத்து நிதியா குடுப்போம், காலையில எடுத்து சாயந்திரம் வட்டியில்லாம திருப்பட்டும். சாவியும் கணக்கு நோட்டும் அவங்க கையில, நம்ம பொருளாளர் அண்ணன் கோவிச்சுக்கப்படாது. ஆர்ச்சுல ஸ்பான்சர் பேரு போடணும்னு காசு தந்தவங்களுக்கு ஐஸ் பெட்டியில பேரு எழுதிக் குடுப்போம், ஆர்ச்ச விட கூட்டம் அதத்தான் பாக்கும்.

இன்னொண்ணு, இத நம்ம நாப்பது ஆம்பளைய மட்டும் பேசி முடிக்க வேண்டாம். அடுத்த ஜூம் மீட்டிங்குக்கு மீன் விக்கிறவங்கள்ல ரெண்டு பேர கூப்பிடுங்க, போன் எங்க மைனி வீட்டுல இருக்கு. காலையில வைக்காதீங்க, அந்நேரம் கடப்புறத்துல ஏலத்துல நிப்பாவ. இந்தியா டைம் ராத்திரி எட்டு மணின்னா சரியா இருக்கும்.