ஆய்வுச் சுருக்கத்தால் மாட்டிக்கொண்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

தமிழ் இலக்கிய ஆய்வாளர்:
சீனியர் அக்காவின் முனைவர் பட்ட வைவா (வாய்மொழித் தேர்வு) இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. தலைப்பு, சங்க அகப்பாடல்களில் தோழி கூற்று, அதாவது தலைவியின் தோழி பேசுகிற பாட்டுகள். புறத்தேர்வாளர் பென்சிலை எடுத்து, சுருக்கத்தில் வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிட்டுக்கொண்டே வந்தார். 'முதல் இயலில் விளக்கப்பட்டுள்ளது', 'இரண்டாம் இயலில் ஆராயப்பட்டுள்ளது', 'மூன்றாம் இயலில் தொகுக்கப்பட்டுள்ளது'. தாளை அக்கா பக்கம் திருப்பி, "சரிம்மா, ஆராய்ந்து என்ன கண்டீங்க?" என்றார். அக்கா தடுமாறவே இல்லை. தலைவனிடம் வரைவு கடாவும்போது (சீக்கிரம் மணம் முடி என்று வற்புறுத்தும்போது) முகத்துக்கு நேரே இடித்துரைக்கிற தோழி, வளர்ப்புத் தாயான செவிலியிடம் அறத்தொடு நிற்கும்போது (தலைவியின் காதலை வெளிப்படுத்தும்போது) சுற்றி வளைத்துப் பேசுவதைப் பாட்டோடு மடமடவென்று சொன்னார். அத்தனையும் ஆய்வேட்டுக்குள் இருந்தது. சுருக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. முன்னுரையில் உள்ள இயல் பகுப்பை அப்படியே தூக்கி வைப்பது எங்கள் துறையில் வழிவழியாக நடக்கிறது.

மண்ணியல் முதுகலை:
எங்கள் பக்கம் வேறு வியாதி. வகுப்புத் தோழனின் சுருக்கம் 'பெருகிவரும் மக்கள்தொகை' என்று தொடங்கி, அரைப் பக்கம் பசுமைப் புரட்சியிலேயே ஓடியது. களர் நிலத்தில் ஜிப்சம் போட்டதில் நெல் விளைச்சல் கூடியது கடைசி வரியில்தான், அதுவும் 'கணிசமாக' என்று. நெறியாளர் சிவப்பு மையில் 'எத்தனை கிலோ?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

மொழியியல் உதவிப் பேராசிரியர்:
முதலில் எழுதியவரோடு எனக்கு உடன்பாடில்லை. இலக்கிய ஏடு முந்நூறு பக்கம் போகும், எது எங்கே என்று சொல்ல இயல் பகுப்பு ஒரு வரி இருந்தால் என்ன? மண்ணியல் தம்பியின் கிலோக் கணக்கும் எல்லாருக்கும் பொருந்தாது. மொழியியலாளர் கென் ஹைலண்ட் 2000இல் எட்டுத் துறைகளின் கட்டுரைச் சுருக்கங்களை அலசி, அறிமுகம், நோக்கம், முறை, விளைவு, முடிவு என்று ஐந்து நகர்வுகளாகப் பிரித்தார். இயற்பியல், பொறியியல்காரர்கள் அறிமுகத்தைக் குறைத்து முறையைச் சொல்கிறார்கள். கலைத்துறையில் முறையைக் குறைத்து அறிமுகத்தை வைக்கிறார்கள். விளைவை மட்டும் அநேகமாக யாருமே விடுவதில்லை. அதனால் எழுதப் போகிறவர்கள் கடைசி இயலைத் திறந்துவைத்து, விளைவை முதலில் இரண்டு வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். அப்புறம் அதற்கு முன்னால் நோக்கத்தைச் சேருங்கள். ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்து நடை) முறை கேட்டால் 250 சொல்லைத் தாண்டாதீர்கள். வேறு துறை நண்பரிடம் கொடுத்து, என்ன கண்டுபிடித்தேன் என்று கேளுங்கள்.

தமிழ் இலக்கிய ஆய்வாளர்:
ஒரு வரி என்றால் சரிதான் சார். அக்கா ஏட்டில் பக்கம் முழுக்க அதுதான். இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவிலும் அதே சுருக்கத்தோடு ஏறிவிட்டது. தோழி கூற்றைத் தேடி வருகிறவர் சுருக்கத்தைப் பார்த்துவிட்டு, செவிலியிடம் அவள் பேச்சு மாறுவது தெரியாமலே போய்விடுவார்.