பேங்கிள்ஸ் பாட்டுகளில் எது?

அக்காவின் பிறந்தநாளுக்கு எண்பதுகளின் பாட்டுகளைக் கேசட்டில் பதிந்துகொண்டிருக்கிறேன். சனிக்கிழமை கொடுக்க வேண்டும். பி பக்கத்தில் ஒரே ஒரு பாட்டுக்கு இடம். அது லாஸ் ஏஞ்சலஸ் பெண்கள் குழுவான பேங்கிள்ஸ் பாட்டுதான், அதில் சண்டையில்லை. எது என்பதில்தான் வீடே இரண்டுபட்டுக் கிடக்கிறது.

அமெரிக்காவின் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு பட்டியலைப் பார்த்தேன். 'வாக் லைக் அன் ஈஜிப்ஷியன்' 1986 டிசம்பரில் முதலிடத்தில் ஏறி நாலு வாரம் இறங்கவில்லை. 'எடர்னல் ஃபிளேம்' 1989இல் முதலிடம். 'மேனிக் மண்டே' இரண்டோடு நின்றுவிட்டது; மறித்தது அதை எழுதிக்கொடுத்த பாடகர் பிரின்ஸின் 'கிஸ்' பாட்டேதான்! அப்புறம் வீட்டில் ஓட்டெடுத்தேன், இரண்டுக்கு இரண்டு. மாற்றி மாற்றிப் பதிந்து அழித்ததில் நாடா ஓரிடத்தில் கரகரக்கிறது.

எனக்கு ஈஜிப்ஷியன்தான். மூன்று பேர் ஆளுக்கொரு சரணம் பாடுவார்கள், கூடவே அந்த விசில். ஆனால் அக்கா 'எடர்னல் ஃபிளேம்' மாதிரி மெதுவான பாட்டுக்கு உருகுகிறவள். நீங்களாக இருந்தால் எதைப் பதிவீர்கள்?