கீழ்க்கசிவா, மறுகாலா? ஒரு பொருளியல் கலைச்சொல் குறித்து

அன்புடையீர்,

வணக்கம். மேல்தட்டில் சேரும் செல்வம் நாளடைவில் தானாகவே இறங்கி ஏழைகளையும் எட்டிவிடும் என்ற வாதத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'டிரிக்கிள் டவுன்' என்னும் பெயரை, தமிழில் 'மறுகால் கோட்பாடு' (மறுகால்: நிறைந்த கண்மாயின் மிகுதி நீர் வழிந்தோடுவது) எனலாம் என்று நம் கலைச்சொல் தொகுப்புக்காக மேலூர் நண்பர் முன்மொழிந்திருக்கிறார். 'சொட்டிறங்கு கொள்கை' போன்ற சொல்லுக்குச் சொல் பெயர்ப்புகளைவிட இது எவ்வளவோ மேல். வைகைப் பாசனத்தில் வளர்ந்தவர் எவருக்கும் விளக்கமின்றியே புரியும். ஆயினும் இதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. அந்த வாதம் தராத ஓர் உறுதியை இந்தச் சொல் தந்துவிடுகிறது.

திருமங்கலம் பக்கத்தில் ஒரு கண்மாய் நிறைந்தால் என்ன நடக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். மிகுதி நீர் வழியும் கலுங்கின் உயரம் கல்லால் வரையறுக்கப்பட்டது. தண்ணீர் அந்த மட்டத்தைத் தொட்டுவிட்டால், மேல் கண்மாய்க்காரர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், மிகுதி மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போயாக வேண்டும். கலுங்குக் கற்களுக்கிடையே மண்மூட்டை அடுக்கி மட்டத்தை உயர்த்த எவரேனும் முனைந்தால், கீழூரார் திரண்டு வந்து கேட்பார்கள். கேட்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. மறுகால் என்பது ஊர்களுக்கிடையே தலைமுறை தலைமுறையாக நின்ற ஓர் ஏற்பாடு. கரைக்கு அடியில் ஊறி வெளிப்படும் கசிவு அப்படிப்பட்டதன்று. கரையை ஒட்டிய கிணறுகளில் நீர் ஊறும். நான்கு வயல் தள்ளியிருப்பவரின் கிணற்றுக்கு அது எட்டுமா என்பதை மண்தான் முடிவு செய்யும். அதற்கு அளவு கிடையாது, நாள் கிடையாது, வரவில்லையென்றால் போய்க் கேட்க இடமும் கிடையாது.

அந்த வாதத்தின் பெயர் பிறந்த வரலாறும் கசிவின் பக்கமே நிற்கிறது. 1896-இல் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அமெரிக்க அரசியல்வாதி வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் பேசியபோது, வசதி படைத்தவர்களைச் செழிக்கச் செய்தால் அவர்கள் செழிப்பு கீழே இருப்பவர்களுக்குக் கசிந்து வரும் என்று நம்புவோரைக் குறிப்பிட்டு மறுத்தார். 1932-இல் அமெரிக்க நகைச்சுவையாளர் வில் ராஜர்ஸ், பணமெல்லாம் ஏழைகளிடம் சொட்டி இறங்கும் என்ற நம்பிக்கையில் மேலே இருப்பவர்களுக்கே ஒதுக்கப்பட்டது என்று எழுதினார். இருவருமே அந்த நம்பிக்கையை ஏற்காதவர்கள். மறுப்பவர்கள் வழங்கிய பெயரை ஊர் மதிக்கும் ஓர் ஏற்பாட்டின் பெயரால் பெயர்ப்பது பொருளைத் தலைகீழாக்கிவிடும்.

வளரும் நாடுகளைப் பற்றிய ஆய்வில் இதை நடுநிலையான சொல்லாகக் கையாண்டவர் பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன். 1958-இல் வெளிவந்த நூலில் அவர் இரண்டு விளைவுகளை இணையாக வைத்தார். முன்னேறிய பகுதி பின்தங்கிய பகுதியிடம் பொருள் வாங்குவதும், அங்கே முதலிடுவதும், அங்குள்ள வேலையற்றோருக்கு வேலை தருவதும் ஒன்று. அப்பகுதியின் திறமையாளர்களையும் மூலதனத்தையும் தன்பால் இழுத்துக்கொள்வது மற்றொன்று. 1991 ஜூலையில் ரூபாய் மதிப்புக் குறைக்கப்பட்டு, தொழில் உரிமக் கட்டுப்பாடுகள் பெருமளவு நீக்கப்பட்ட பிறகு நம் பகுதி இவ்விரண்டையும் கண்டிருக்கிறது. சென்னையிலும் பெங்களூருவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் அனுப்பும் பணம் மதுரையில் வீடாகிறது. அதே பிள்ளைகள் இங்கே ஒரு தொழிலைத் தொடங்கியிருக்கக்கூடும் என்பதும் உண்மை. ஆகவே முதலாவதற்கு ஒரு சொல் வைக்கும்போதே இரண்டாவதற்கும் வைத்துவிட வேண்டும். 'கீழ்க்கசிவு', 'மேலீர்ப்பு' என்ற இணை எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

வெறும் 'கசிவு' போதாதா என்று கேட்கலாம். ஒரு செலவு பலரது வருமானமாகப் பெருகுவதை விளக்கும் 'பெருக்கி' பற்றிய பொருளியல் பாடத்தில் சேமிப்பு, இறக்குமதி ஆகியவற்றைக் கசிவுகள் என்றே வழங்குகிறோம். நியாயவிலைக் கடைச் சரக்கு வெளியே போவதையும் அப்படித்தான் சொல்கிறோம். குழப்பம் வராதிருக்கத் திசை காட்டும் முன்னொட்டு வேண்டும். கீழ்க்கசிவு வளர்ச்சி, கீழ்க்கசிவுக் கொள்கை, கீழ்க்கசிவாளர் என அது தடையின்றிக் கிளைக்கிறது.

இச்சொல்லை எல்லா வறுமைக் குறைப்புக்கும் நீட்டக் கூடாது. சீனத்தில் 1978-க்குப் பின் முதலில் மாறியது வேளாண்மை. கூட்டுப் பண்ணை நிலங்கள் குடும்பங்களின் பொறுப்பில் விடப்பட்டன. 1980-களின் தொடக்கத்தில் அங்கே சிற்றூர் வறுமை விரைந்து குறைந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. வளர்ச்சி அடியிலேயே தொடங்கிய இடத்தில் கசிவைப் பற்றிப் பேசுவது பிழை. பிரேசில் வேறு கதை. 1968 முதல் 1973 வரை அந்நாடு ஆண்டுக்குச் சராசரி 10 விழுக்காட்டுக்கும் மேல் வளர்ந்தது. ஆனால் 1960-க்கும் 1970-க்கும் இடையே வருமான ஏற்றத்தாழ்வு கூடியதைக் கணக்கெடுப்புகள் காட்டின. கண்மாய் நிறைந்தது, கீழே நீர் போதுமான அளவு வரவில்லை. ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கும் 'போல்சா ஃபமீலியா' திட்டம் 2003-இல்தான் வந்தது.

அந்தத் திட்டத்தை எண்ணும்போதுதான் நண்பர் தந்த சொல்லின் உண்மையான இடம் எனக்குப் புலப்பட்டது. ஒரு வரம்புக்கு மேற்பட்ட வருமானத்தின் மீது வரி விதித்து, அந்த நிதியைச் சட்டப்படி கீழே செலுத்துவதற்கு நாம் 'மறுபங்கீடு' என்கிறோம். வரம்பு கலுங்கு என்றால், சட்டம் மறுகால். 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள் வேலை என்று எழுதி வைத்ததால்தான், மக்கள் வேலை கேட்டு மனுக் கொடுக்க முடிந்தது. எனவே 'மறுகால்' என்பதை விட்டுவிட வேண்டாம் என்று நண்பரைக் கேட்டுக்கொள்கிறேன். உரிமையாக வரையறுக்கப்பட்ட மறுபங்கீட்டுக்கு 'மறுகால் ஏற்பாடு' என்று அதை வைத்துக்கொள்வோம்.

கலைச்சொல் தொகுப்பில் சேர்க்க என் வரைவு இது. கீழ்க்கசிவு: உயர்வருமானப் பிரிவினரிடமோ முன்னேறிய பகுதியிலோ ஏற்படும் வளர்ச்சியின் பயன், தனியான பகிர்வு ஏற்பாடு எதுவுமின்றிப் பிறரைச் சென்றடைதல் அல்லது அவ்வாறு சென்றடையும் என்ற கருத்து.

தஞ்சைப் பகுதி நண்பர்களுக்கு 'மறுகால்' வழக்கில் உள்ள சொல்தானா என்பதையும், 'மேலீர்ப்பு' என்பதைவிடப் பொருத்தமான சொல் உண்டா என்பதையும் தெரிவித்தால் வரைவைத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
திருமங்கலத்திலிருந்து